கரிவண்டியில் சம்பந்தம் பேசின கதை

அந்த சீட்டுக்கு யாரும் வரல சார், பையைத் தாராளமா வைங்க. என் வீட்டுக்காரம்மா சீட்தான் அது. போகும்போதே ரெண்டு பேருக்கும் ரிட்டர்ன் பிளேன் டிக்கெட் போட்டிருந்தோம். அவ அங்கயே தங்கிட்டா, பையன்கூட. விசா இன்னும் மிச்சம் இருக்குது, இருந்துட்டு வரேன்னு சொன்னா. சொன்னான்னுகூடச் சொல்ல முடியாது. என் பெட்டியைக் கட்டி வெச்சா, அவ பெட்டியைக் கட்டல. நான் புரிஞ்சுக்கிட்டேன்.

நீங்க மெட்ராஸ்தானே? நமக்கு ஜோலார்பேட்டை. இப்ப வேலூர்ல வீடு கட்டி செட்டில் ஆயிட்டோம். பேங்க்ல சீனியர் மேனேஜரா ரிட்டயர் ஆனேன், பேரு குணசீலன். பையன் யுவராஜ், டாக்டர். ஆபரேஷனுக்கு முன்னாடி மயக்க மருந்து குடுப்பாங்க பாருங்க, அந்த டாக்டர். சிட்டியில இல்ல, மெல்போர்ன்லேருந்து ரொம்ப உள்ள தள்ளி ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில. சுத்திலும் கோதுமைக் காடு. கோதுமை இல்லாத இடத்துல ஆடு. மனுஷங்க அப்பப்ப தென்படுவாங்க.

தூக்கம் வருதா உங்களுக்கு? வரலைன்னா ஒண்ணு கேக்கணும். நீங்க நம்மை முன்னப்பின்ன தெரியாத ஆளு, ஒரு பக்கமா பேச மாட்டீங்க. நான் செஞ்சதுல என்ன தப்புன்னு நீங்களே சொல்லுங்க. எனக்கு இன்னும் உடம்பு கூசுது சார், அந்த ஞாயித்துக்கிழமையை நினைச்சா.

பையனுக்குப் பொண்ணு பாக்கத்தான் நாங்க போனதே. முப்பத்திரண்டு ஆச்சு. ஆத்தூர்ப் பக்கம் ஒரு நல்ல இடம் அமைஞ்சுது. தாமோதரன்னு பேரு, சேகோ ஆலை வெச்சிருக்காரு. மரவள்ளிக்கிழங்கை அரைச்சு ஜவ்வரிசி பண்ற ஆலை, நல்ல வசதி. பொண்ணு சிந்துஜா மெல்போர்ன்ல மருந்து கம்பெனியில வேலை. அவரும் அவர் சம்சாரமும் பொண்ணைப் பாக்க அங்க வந்திருந்தாங்க. ஜாதகம் பொருந்திடுச்சு, போட்டோ மாத்திக்கிட்டோம். போன்ல மூஞ்சி பாக்கற வேலை வேணாம் சார், நேர்லயே பாத்துக்கட்டும்னு தாமோதரன் சொல்லிட்டாரு. பழைய முறை ஆளு. எனக்கும் அது புடிச்சிருந்தது.

எங்க பாக்கறதுன்னு பேச்சு வந்தது. நம்ம ஊரா இருந்தா கோயில்ல பாப்போம். அங்க கோயிலுக்கு ரொம்ப தூரம் போகணும். அப்பதான் யுவராஜ் சொன்னான், அப்பா, எங்க ஊர்ல பழைய நீராவி ரயில் ஒண்ணு ஓடுது, அந்தக் காலத்துல கோதுமை ஏத்திப்போன லைன், இப்ப டூரிஸ்டுங்களைக் கூட்டிட்டுப் போறாங்க, கைடு ஒருத்தர் கூடவே வந்து எல்லாம் சொல்லுவாங்க, வர்ற ஞாயித்துக்கிழமை எனக்கு அதுல டூட்டி இருக்குது, எல்லாருக்கும் நானே டிக்கெட் போடறேன்னான். சோபாவுல உக்காந்து பஜ்ஜி தின்னுக்கிட்டு ஒருத்தரை ஒருத்தர் பாக்கறதைவிட இது தேவலாம்னு சிரிச்சான்.

அவன் அந்த ரயில் சங்கத்துல மெம்பர்னு எனக்குத் தெரியும். நம்ம ஊர்ல ரோட்டரி, லயன்ஸ்னு இருக்குதில்ல, அந்த மாதிரின்னு நினைச்சேன். கோட்டு போட்டுக்கிட்டு பச்சைக் கொடி காட்டுவான்னு நினைச்சேன். தாமோதரன்கிட்டயும் கமிட்டியில முக்கியமான பொறுப்புல இருக்கான்னு சொல்லி வெச்சேன். கல்யாணப் பேச்சுன்னா கொஞ்சம் முன்னப்பின்ன சொல்றதுதானே சார், யார் சொல்லலை?

அன்னிக்கு அவன் விடியறதுக்கு முன்னாடியே கிளம்பிப் போயிட்டான். இஞ்சினைச் சூடேத்தணுமாம். எங்களை அவன்கூட வேலை செய்யற நர்ஸ் ஒருத்தங்க ஸ்டேஷன்ல கொண்டாந்து விட்டாங்க. சின்ன ஸ்டேஷன், சிவப்பு பெயிண்ட் அடிச்சு அழகா வெச்சிருக்காங்க. இஞ்சின் பொகையைக் கக்கிக்கிட்டு நிக்குது. அதுக்குள்ள ஒருத்தன் நீலக் கலர் ஓவரால் போட்டுக்கிட்டு, தலையில துணியைக் கட்டிக்கிட்டு, மூஞ்சி, கழுத்து, கையெல்லாம் கரியா, குனிஞ்சு குனிஞ்சு கரியை அள்ளிப் போட்டுக்கிட்டிருந்தான். என் வீட்டுக்காரம்மாதான் முதல்ல கண்டுபுடிச்சா. "ஏங்க, நம்ம யுவாங்க அது."

இப்ப ஒண்ணு சொல்றேன், நான் யார்கிட்டயும் சொல்றதில்ல. எங்கப்பா ஜோலார்பேட்டை லோகோ ஷெட்ல ஃபயர்மேன். கரி அள்ளிப் போடறவரு. அவர் குளிச்ச தண்ணி எங்க வாசல் சாக்கடையில கறுப்பா ஓடும். அதைப் பாத்துதான் தெருவுல இருக்கறவங்க, ஓ, வீட்டுக்கு வந்துட்டாருன்னு தெரிஞ்சுக்குவாங்க. ஸ்கூல்ல என்னைக் கரிவண்டின்னுதான் கூப்பிடுவாங்க. வாத்தியாரே ஒருநாள் கூப்பிட்டாரு. அதுலேருந்து வெளிய வரணும்னுதான் சார் படிச்சேன். பரீட்சை மேல பரீட்சையா எழுதினேன். வெள்ளைச் சட்டையைத் தவிர வேற போட்டதில்ல. பையனை டாக்டராக்கினேன். அவன் கடல் தாண்டிப் போய் திரும்பவும் கரி அள்ளறான். எங்கப்பாவுக்காவது சம்பளம் குடுத்தாங்க. இவன் வருஷா வருஷம் சந்தா கட்டிட்டு அள்ளறான்.

நான் பக்கத்துல போனேன். என்னைப் பாத்ததும் கையை விரிச்சுக் காட்டறான், "அப்பா, எப்படி இருக்குது?"ன்னு. பல்லு மட்டும்தான் வெள்ளையா தெரியுது.

"மூஞ்சியைக் கழுவுடா. அவங்க வர்ற நேரம்"னேன்.

"கழுவினா மறுபடியும் இப்படித்தாம்பா ஆகும். பாக்கட்டுமே. அதுக்குத்தானே வரச் சொன்னேன். ஆஸ்பத்திரியில என்னைப் பாக்கற எல்லாரும் உடனே தூங்கிடறாங்க, இங்கதான் என்னை முழிச்சிக்கிட்டுப் பாப்பாங்க."

தமாஷ். பொண்ணு பாக்கற அன்னிக்குத் தமாஷ் அவனுக்கு. அதுக்குள்ள டிரைவர் கூப்பிட்டாரு, உள்ள போயிட்டான். நான் திரும்பறேன், தாமோதரன் கார் வந்து நிக்குது. அவர், அவர் சம்சாரம், பொண்ணு. பொண்ணு லட்சணமா இளம்பச்சையில சுடிதார் போட்டிருந்துது. வணக்கம் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "மாப்பிள்ளை எங்க சார்?"

நான் யோசிச்செல்லாம் சொல்லல. வாயில வந்துடுச்சு. "ஆஸ்பத்திரியிலேருந்து அவசரமா போன் வந்துது சார். ஒரு ஆபரேஷன். உயிர் விஷயம் பாருங்க, போக வேண்டியதாப் போச்சு. சாயந்தரம் வீட்டுக்கு வந்துடுவான், நீங்க எல்லாரும் வீட்டுக்கே வந்துடுங்க"ன்னேன். என்ன கெட்டுப்போச்சு இதுல? சாயந்தரம் குளிச்சு, நல்ல சட்டை போட்டு உக்கார வெச்சா எல்லாம் சரியாயிடும். இந்தக் கரியை மட்டும் பாக்காம தாண்டிட்டாப் போதும். என் வீட்டுக்காரம்மா என்னையே பாத்தா. பேசாதேன்னு கண்ணால சொன்னேன். முப்பத்தஞ்சு வருஷமா என் கண்ணைப் பாத்து நடக்கறவ, பேசல.

வண்டி கிளம்பிச்சு. பெவர்லின்னு ஒரு அம்மா எங்க பெட்டிக்குக் கைடு. எழுபது வயசு இருக்கும், மைக்கைப் புடிச்சுக்கிட்டு சீட்டுக்கு நடுவுல நின்னபடியே பேசறாங்க. இந்த லைனைப் போட்டதே கோதுமை ஏத்தத்தான், மழை பொய்ச்ச வருஷம் இந்த ஊர் காலி ஆச்சு, அந்த ஊர்ல ஸ்கூலை மூடினாங்கன்னு. ஜன்னல்ல ஒரு பக்கம் கோதுமை, ஒரு பக்கம் மஞ்சளா ஏதோ எண்ணெய் விதைப் பயிரு. நடுவுல ஆடு. தாமோதரனுக்கு அது போதும். ஏக்கருக்கு எத்தனை மூட்டைன்னு கேக்கறாரு, கூலிக்கு ஆள் கிடைக்குதான்னு கேக்கறாரு. முன் சீட்ல ஒரு வெள்ளைக்கார விவசாயி, அவரும் இவரும் கையால ஜாடை காட்டியே அரை மணி நேரம் பேசினாங்க.

அப்புறம் பெவர்லி சொன்னாங்க, இந்த வண்டியில வேலை செய்யற ஒருத்தருக்கும் சம்பளம் கிடையாது, எல்லாரும் ஆசைக்காக வர்றவங்க, உங்க டிக்கெட்டைக் கிழிச்சவரு ஹெட்மாஸ்டரா இருந்தவருன்னு. "அடேங்கப்பா, பாருங்க சார்"னு தாமோதரன் என் தொடையைத் தட்டறாரு. என் வீட்டுக்காரம்மா முழங்கையால இடிச்சா. இப்ப சொல்லுங்கன்னு அர்த்தம். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். ஹெட்மாஸ்டர் டிக்கெட் கிழிக்கலாம் சார். அதுல மரியாதை கெடாது. கரி வேற.

தாமோதரனுக்கு மரியாதைன்னா என்னன்னே தெரியல. பெட்டி முழுக்கக் கேக்கற மாதிரி சொல்றாரு, "எங்கப்பாரு கிழங்கு மூட்டை தூக்கினவரு சார். முதுகுல தழும்பு இருக்கும். நான் ஆலை ஆரம்பிச்சப்புறமும் மூட்டையைத் தூக்கிக் காட்டுவாரு, ஆளுங்களுக்குச் சொல்லித்தர்றேன்னுட்டு." சம்பந்தி ஆகப்போறவங்க முன்னாடி இதையா சொல்லுவாங்க? எனக்கே கூச்சமாப் போச்சு. "உங்கப்பாரு சார்?"னு கேட்டாரு.

"ரயில்வேயில இருந்தாரு."

"ரயில்வேயில என்னவா?"

"லோகோ டிபார்ட்மென்ட்."

பொய் இல்லையே அது? லோகோதானே?

பாதி வழியில ஒரு ஊர்ல வண்டி நின்னுது. ஊருன்னா என்ன, நாலு வீடு, தானியம் கொட்டி வெக்கிற சிமெண்ட் கோபுரம் மூணு, ஒரு டீக்கடை. இஞ்சினுக்குத் தண்ணி புடிக்கணும், எல்லாரும் இறங்கி இஞ்சினைப் பாக்கலாம்னாங்க. நான், வெயிலா இருக்குது, உள்ளயே இருப்போம்னு சொல்லிப் பாத்தேன். தாமோதரன் கேக்கல. "அந்த ஃபயர்மேன் நம்மூர் ஆளு மாதிரி இருக்கான் சார், வரும்போதே கவனிச்சேன். என்னா உழைப்பு. வாங்க, ஒரு போட்டோ எடுத்துக்குவோம்"னு பொண்ணு, பொண்டாட்டி எல்லாரையும் இழுத்துக்கிட்டுப் போறாரு. நான் பின்னாடியே ஓடறேன்.

யுவராஜ் எங்களைப் பாத்துட்டான். பாத்துட்டு இஞ்சின்லேருந்து இறங்கி வர்றான். கையை ஒரு துணியில துடைச்சுக்கிட்டே, அந்தப் பொண்ணையே பாத்துக்கிட்டு, சிரிச்சுக்கிட்டே வர்றான். எதையோ சொல்லணும்னு தயார் பண்ணி வெச்சிருந்திருப்பான் போல. வாயைத் தொறந்தான். அதுக்குள்ள நான் முந்திக்கிட்டேன். இங்கிலீஷ்ல சொன்னேன் சார். "வெரி நைஸ் இஞ்சின், யங் மேன்."

நின்னுட்டான். என்னைப் பாத்தான், அவங்கம்மாவைப் பாத்தான், தாமோதரனைப் பாத்தான். ரொம்ப நேரம் எல்லாம் இல்ல. அப்புறம், "தேங்க் யூ, சார்"னான். "பக்கத்துல போகாதீங்க, சுடும்"னான், அதுவும் இங்கிலீஷ்ல.

எவ்வளவு கெட்டிக்காரன் பாருங்க. டக்குனு புரிஞ்சுக்கிட்டான். நானும் பெருமூச்சு விட்டேன். ஆனா தாமோதரன் சும்மா இருக்கல. போனை அவன் கையிலயே குடுத்துட்டாரு, எங்களை ஒரு போட்டோ எடுப்பா தம்பின்னு. நாங்க அஞ்சு பேரும் இஞ்சின் முன்னாடி நிக்கறோம், என் பையன் எடுக்கறான். கொஞ்சம் நெருங்கி நில்லுங்க, ஸ்மைல் பண்ணுங்கன்னு சொல்லி எடுக்கறான். சிரிச்சேன். வேற என்ன பண்றது?

என் வீட்டுக்காரம்மா பையில அவனுக்குன்னு டிபன் பாக்ஸ் கொண்டாந்திருந்தா. புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும். காலையில ஒண்ணும் சாப்பிடாமப் போயிட்டான்னு. போட்டோ முடிஞ்சதும் நேரா போய் அதை அவன்கிட்ட நீட்டிட்டா. எனக்கு உயிரே போச்சு. தாமோதரன் சம்சாரம் பாத்துட்டு, "அக்காவுக்கு என்ன இளகின மனசு, யாரோ ஒரு புள்ளைக்கு சாப்பாட்டைத் தூக்கிக் குடுக்கறாங்களே"ன்னு சொல்லிச்சு. யுவராஜ் ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டான். தேங்க் யூ மேடம்னான். இவ திரும்பி வந்து, யாரையும் பாக்காம வண்டியில ஏறிட்டா.

அந்தப் பொண்ணு மட்டும் கொஞ்ச நேரம் அங்கயே நின்னுது. இந்த வேலையை எத்தனை வருஷமா செய்யறீங்கன்னு இங்கிலீஷ்ல கேட்டுது. நாலு வருஷம்னான். புடிச்சு செய்யறீங்களான்னு கேட்டுது. ரொம்பப் புடிக்கும்னான். அது அவன் கண்ணையே பாத்துது. அப்புறம் என்னைப் பாத்துது. திரும்பி வரும்போது ஜன்னல் பக்கமே பாத்துக்கிட்டு உக்காந்திருந்துது. மாப்பிள்ளை வரலைன்னு வருத்தம் போலன்னு நினைச்சுக்கிட்டேன்.

என் வீட்டுக்காரம்மா காதுக்குள்ள சொல்லிப் பாத்தேன், சாயந்தரம் எல்லாம் சரியாயிடும்டின்னு. "சாயந்தரம் யாரைக் காட்டப் போறீங்க? அந்தப் பொண்ணு அவன் மூஞ்சிக்கு நேரா நின்னு பேசிட்டு வருது"ன்னா. அதை நான் யோசிக்கல சார். உண்மையா யோசிக்கல. கரி அப்பியிருந்தா அடையாளம் தெரியாதுன்னு நினைச்சேன். எங்கப்பாவை ரோட்டுல பாத்தா எனக்கே தெரியாது பல நேரம்.

சாயந்தரம் அவங்க வீட்டுக்கு வரல. மறுநாள் தாமோதரன் போன் பண்ணினாரு, எனக்கு இல்ல, யுவராஜுக்கு. அரை மணி நேரம் பேசினாங்க, கதவைச் சாத்திக்கிட்டு. அவன் சிரிக்கறது வெளிய கேட்டுது. பொண்ணும் பேசிச்சாம். அதுக்கப்புறம் தினம் பேசறாங்கன்னு நினைக்கறேன். என்ன முடிவுன்னு என்கிட்ட யாரும் சொல்லல. நானும் கேக்கல. சம்பந்தம் பேச வேண்டிய ஆளு நான், என்கிட்ட ஒரு வார்த்தை இல்ல. இது முறையா சார்? ஏர்போர்ட்டுக்கு அவன்தான் கொண்டாந்து விட்டான். பெட்டியெல்லாம் அவனே தூக்கினான். மரியாதைக்குக் குறைவில்ல. ஒரு வார்த்தை சத்தம் போட்டிருந்தான்னா நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். போடலையே.

இதெல்லாம் அப்புறம் நடந்தது. வண்டி திரும்பி வந்து நின்னப்ப நடந்ததைச் சொல்லல பாருங்க. சொல்ல வேணாம்னுதான் இருந்தேன்.

வண்டி நின்னுது. இறங்கினோம். நான் எல்லாரையும் வேகமா கார் பக்கம் தள்ளிக்கிட்டுப் போறேன். தாமோதரன், இஞ்சின்காரங்களுக்கு ஒரு நன்றி சொல்லிட்டுப் போயிடலாம்னு நேரா அங்க போயிட்டாரு. டிரைவரு கென்னுன்னு ஒரு பெரியவரு, வெள்ளைத் தாடி, கீழ இறங்கி நிக்கறாரு. எங்களைப் பாத்ததும் அவர் மூஞ்சி மலர்ந்துடுச்சு. ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு எங்ககிட்ட வர்றாரு. நீங்கதானே யுவியோட அப்பா அம்மா, ஒரு வாரமா இவன் உங்களைப் பத்தியேதான் பேசறான், எங்கப்பா வர்றாரு, அவங்கப்பாவும் ஃபயர்மேன்னு சொல்லிச் சொல்லி, நேத்து ராத்திரி வரைக்கும் பித்தளையை ஒருத்தனா உக்காந்து தேய்ச்சான்னு கொட்டறாரு. எனக்கு அந்த ஊர் இங்கிலீஷ் பாதிதான் புரியும். அது முழுக்கப் புரிஞ்சுது.

தாமோதரன் என்னைத் திரும்பிப் பாக்கறாரு.

நான் பேசறதுக்கு முன்னாடி இஞ்சின் மேலேருந்து யுவராஜ் இங்கிலீஷ்ல சொன்னான். "இல்ல கென், இவங்க இல்ல. எங்க வீட்ல இருந்து வர முடியல. அவசரமா வேற வேலை வந்துடுச்சாம்."

என் மானத்தைக் காப்பாத்தறான் சார். என்னைக் காப்பாத்தறதுக்கு தான் எனக்கு மகனே இல்லைங்கறான். அதைக் கேட்டப்ப எனக்கு முதல்ல நிம்மதியாத்தான் இருந்துது. ஒளிக்க மாட்டேன். நிம்மதிதான் முதல்ல வந்துது. அப்புறம்தான் வெக்கம் வந்துது. காலையிலேருந்து அவனைப் பாத்து வெக்கப்பட்டேனே, அந்த வெக்கம் இல்ல அது.

என் வீட்டுக்காரம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. கடையில உப்பு, சர்க்கரை கேக்கறதோட சரி. அவ ரெண்டடி முன்னாடி போயி, அந்தப் பெரியவர் கையைப் புடிச்சுக்கிட்டா. "ஐ மதர்"னா. மறுபடியும் சொன்னா, இஞ்சினைக் கையால காட்டி. "ஹிஸ் மதர்."

அந்தப் பொண்ணு யுவராஜைத்தான் பாத்துக்கிட்டிருந்துது. கென் தலையை ஆட்டினாரு. அவர் கண்ணெல்லாம் ஈரம். அப்புறம் என் பக்கம் திரும்பினாரு. கையை நீட்டினாரு. அப்ப நீங்கன்னு கேட்டாரு.

யுவராஜ் மேலேருந்து பாத்துக்கிட்டிருந்தான். அவ்வளவு நேரமும் என்னைப் பாக்காதவன் அப்ப என்னைப் பாத்தான். எல்லாம் உடைஞ்சு போச்சு, மறைக்க ஒண்ணும் இல்ல, ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதும். எனக்கும் தெரியும் சார். நாக்குல இருந்துது அந்த வார்த்தை.

"பாசஞ்சர்"னு சொன்னேன்.

கென் என் கையைப் புடிச்சுக் குலுக்கினாரு. கையெல்லாம் கரியாச்சு. பயணம் புடிச்சிருந்துதான்னு கேட்டாரு. புடிச்சிருந்துதுன்னு சொன்னேன்.